ஈரக்கைக்கு எட்டிய போன்

கிண்ணியாவில் போன் பேசுவதென்றால் ஒருகாலத்தில் முதலில் நடக்க வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும், அவசரமென்றால் கடலையும் கடக்க வேண்டும். இன்று அதே ஊரில் கிணற்றடியில் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் உம்மா, கையைத் துடைக்காமலே வீட்டுப் போனை எடுத்துப் பேசுகிறார். தண்ணீர் புகாத, கம்பியில்லாத வீட்டுப் போன். ஊரில் எல்லா வீட்டிலும் இல்லை, அங்கொன்று இங்கொன்றுதான். கையில் ஸ்மார்ட் போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் ஈர விரலால் கண்ணாடித் திரையைத் தடவிப் பார்த்ததில்லை போலும். தண்ணீர் பட்ட விரலைத் திரை பெரும்பாலும் சரியாகக் கண்டுகொள்ளாது. பொத்தான் அப்படியல்ல, அழுத்தினால் வேலை செய்யும்.

ஊரின் அமைவிடத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா. திருகோணமலைப் பட்டினம் கண்ணுக்கெட்டிய தூரம்தான்; ஆனால் போக வேண்டுமென்றால் முன்பெல்லாம் துறையடிக்கு வந்து பாதையில் ஏற வேண்டியிருந்தது. வாகனத்தையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு மெல்ல நகரும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பேர். 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி சவூதி அரேபியாவின் நிதியுதவியில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும்வரை இதுதான் நேர்வழி. இரவில் பாதை நின்றுவிட்டால் ஊரும் நின்றுவிடும். அப்படிப்பட்ட ஊருக்குப் போன் என்பது சொகுசுச் சாமானாக வரவில்லை. பாலத்துக்கு முன்பே வந்த பாலமாகத்தான் வந்தது.

போன் என்ற அந்தப் பாலமும் லேசில் வந்துவிடவில்லை. 1980 வரை தபாலும் தொலைபேசியும் ஒரே திணைக்களத்தின் கீழ் இருந்தன. பிறகு தொலைத்தொடர்பு தனியாகப் பிரிந்தது, 1991இல் கூட்டுத்தாபனமானது, 1996இல் கம்பனியானது, 1997இல் ஜப்பானின் என்டிடி 35 வீதப் பங்கை வாங்கியது. அதற்கு முந்திய காலத்தில் வீட்டுக்கு லைன் கேட்டு விண்ணப்பம் போட்டவர் வருடக்கணக்கில் காத்திருப்பது நாடு முழுவதும் வழக்கம். யுத்தமும் சேர்ந்த கிழக்கில் அந்த ஆசையைப் பலர் மனதிலேயே வைத்துக்கொண்டார்கள். தபால் கந்தோரில் ட்ரங்க் கோல் பதிந்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருப்பதும், மௌத்துச் செய்தியைத் தந்தியில் அனுப்புவதும்தான் அன்றைய அவசரம்.

இதற்கிடையில் ஊர் பாதி வளைகுடாவுக்குப் போயிருந்தது. எண்பதுகளிலிருந்து சவூதி, குவைத், கட்டார் என்று ஆண்களும் போனார்கள், வீட்டு வேலைக்குப் பெண்களும் போனார்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கசெட்டில் பேசி, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதைப் போட்டுக் கேட்டு, குடும்பமே சுற்றி உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுபக்கத்தில் பதிலைப் பதிந்து அனுப்பும். ஒரு பேச்சுக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் ஒரு மாதமாவது ஓடிவிடும்.

அந்தக் காத்திருப்பை உடைத்தது கொமினிகேஷன் கடை. தொண்ணூறுகளில் முளைத்த இந்தக் கடைகளைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு பெக்ஸ், மூலையில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஸ்டூல், போன், சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடுகிற மீற்றர். வெளிநாட்டுக் கோலுக்கு நிமிடக் கணக்கு என்பதால் பேசுகிறவரின் கண் மீற்றரில்தான் இருக்கும். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, காசு அனுப்பியாச்சா என்று கேட்டு முடிவதற்குள் கை தானாக றிசீவரை வைக்கப் போகும். காசு இல்லாதவர் கோல் எடுக்க மாட்டார். கோல் வருவதற்குக் காத்திருப்பார். ரியாத்திலிருந்து மகன் கடைக்கு எடுப்பான். கடைக்காரர், “பத்து நிமிஷத்தில திரும்ப எடுங்க தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டு ஒரு பொடியனைச் சைக்கிளில் வீட்டுக்கு விரட்டுவார். பொடியன் ஒழுங்கையில் நுழையும்போதே கத்திக்கொண்டு வருவான். உம்மா அடுப்பை அப்படியே விட்டு, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடுவார். பின்னால் பக்கத்து வீட்டு ராத்தாவும் ஓடுவார், தன் மகனைப் பற்றி ஒரு சொல் கேட்கலாமே என்று. அப்படி வரும் கோலுக்கும் கடைக்காரருக்கு ஒரு கட்டணம் உண்டு.

கண்ணாடி அறைக்குள் பேசுவது வெளியில் கேட்காது என்பது பேச்சுக்குத்தான். தூரத்தில் இருப்பவனோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும் என்றே எல்லோரும் நம்பினார்கள். ஆகையால் ஒரு வீட்டின் சீதனப் பேச்சும் கடன் கணக்கும் கடைக்கு வெளியே வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது.

அதன் பிறகுதான் வீடுகளுக்கு லைன் வந்தது. முன் ஹோலில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பின்னல் துணி, அதன் மேல் போன். 2003இல் நாடு முழுவதும் எண்கள் ஏழு இலக்கமாக மாறி, டெலிகொம் எண்கள் எல்லாம் 2இல் தொடங்க, பழைய எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் புதிய எண்ணைச் சொல்லி மாளவில்லை. கொமினிகேஷன் கடைக்கு ஓடிய கால்கள் இப்போது கிணற்றடியிலிருந்து ஹோலுக்கு ஓடின. தூரம் குறைந்தது, ஓட்டம் குறையவில்லை. பளபளக்கும் சிமெந்துத் தரையில் ஈரக்காலோடு ஓடி வழுக்கி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். இத்தனையும் பட்டு எடுத்தால் சிலவேளை யாரோ பிழையான நம்பருக்கு அடித்திருப்பார்கள்.

மாரிக்காலத்தில் இன்னொரு தொல்லை. கம்பத்துப் பெட்டிக்குள் ஈரம் இறங்கும். உப்புக்காற்று ஏற்கெனவே செப்புக்கம்பியின் இணைப்புகளைப் பச்சை பூக்க வைத்திருக்கும். றிசீவரைத் தூக்கினால் கரகரவென்று ஒரு இரைச்சல், அதற்கு அடியில் மகனின் குரல். இடி முழங்கினால் லைனைக் கழற்றி வைக்க வேண்டும். ஆனால் ஒரு நன்றியை இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்தப் பழைய போன் கரண்ட் போனாலும் பேசும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பற்றரியிலிருந்து 48 வோல்ட் அதே கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. ஊர் இருண்டு கிடக்கும்போதும் அது மணியடித்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கிண்ணியாவின் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனது. கடற்கரையில் இருந்த ஆஸ்பத்திரியே இடிந்தது, கம்பமும் கம்பியும் எம்மாத்திரம். அடுத்த வருடங்களில் சிடிஎம்ஏ போன்கள் வந்தன. மேசைப் போன் போலவே உருவம், முதுகில் ஒரு குட்டி அன்டெனா, கம்பி கிடையாது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஆள் வந்து பொருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடையில் வாங்கி வந்த அன்றே பேசலாம். நாட்டில் 2004இல் சுமார் 10 இலட்சமாக இருந்த நிலையான இணைப்புகள் 2011இல் 36 இலட்சமானதற்குப் பெரிய காரணம் இதுதான். உள்ளே பற்றரி இருந்ததால் சிலர் வீட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்கே போனார்கள். நிலையான இணைப்பு என்ற பேரைக் கேலி செய்வது போல மீன் கூடைக்குள்ளிருந்து அது அடிக்கும்.

லைனில் பொருத்தும் கம்பியில்லாப் போனை ஊர் அதற்கு முன்பே கண்டிருந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் பெட்டியில் ரேடியோவோடும் போர்வையோடும் அதுவும் வந்தது. இழுத்து நீட்டும் அன்டெனா, 46-49 மெகாஹேர்ட்ஸ். அயல் வீட்டிலும் அதே மாதிரி இருந்தால் அவர்கள் பேச்சு இங்கே கேட்கும். இன்றைய வீட்டுக் கம்பியில்லாப் போன்கள் பெரும்பாலும் டெக்ட் என்ற ஐரோப்பியத் தரத்தில், 1880-1900 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்கின்றன. பேச்சு இலக்கமாக்கப்பட்டுப் போவதால் பக்கத்து வீட்டுச் சீதனக் கணக்கு இனி நமக்குக் கிடைக்காது. வீட்டுக்குள் 50 மீற்றர், வெட்டவெளியில் 300 மீற்றர்வரை எட்டும் என்கிறார்கள். நடுவில் சுவர்கள் இருந்தால் குறையும், ஆனாலும் கிணற்றடி அதற்குள் அடங்கிவிடும்.

தண்ணீர் புகாத வகையை வாங்குகிறவர்கள் பெட்டியில் இருக்கும் ஐபி எண்ணைப் பார்க்க வேண்டும். ஐபி65 என்றால் குழாயால் அடிக்கும் தண்ணீரைத் தாங்கும், வாளிக்குள் விழுந்தால் பொறுப்பில்லை. ஜிகாசெட்டின் ஆர்650எச் இந்த ரகம். ஐபி67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது. அதற்காகத் தண்ணீருக்குள்ளிருந்து பேசலாம் என்று நினைக்கக் கூடாது. இந்த அலைவரிசை நீரில் ஊடுருவாது, கோல் அறுந்துவிடும், போன் மட்டும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று, இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. எங்களூர் உப்பு அந்தக் கணக்கில் சேராது. கடல் தண்ணீரோ மீன் தண்ணீரோ பட்டால் குழாய்த் தண்ணீரில் அலசி, முகத்தைக் கீழே பிடித்து உதற வேண்டும். காது வைக்கும் துளைகளில் நீர் நின்றால் குரல் தலையணைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

பொருத்துவது சிரமமில்லை. பற்றரி மூடியைத் திறந்தால் ஓரம் முழுக்க மெல்லிய இறப்பர் வளையம் ஓடும். போனின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு தலைமுடி, ஒரு மணல் பொட்டு அதில் சிக்கி மூடி பூட்டப்பட்டால் ஐபி67 என்பது வெறும் எழுத்து. நன்றாகத் துடைத்து, வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வைத்து, திருகாணியை அளவாக இறுக்க வேண்டும். பிறகு ஓர் இரவு முழுக்கச் சார்ஜில் விட வேண்டும், கீழே இருக்கும் இரண்டு உலோகப் பொட்டுகளையும் துடைத்துவிட்டு. ஈரத்தோடு சார்ஜ் தொட்டிலில் வைத்தால் உப்பு அந்தப் பொட்டுகளைத்தான் முதலில் தின்னும். லைன் பொருத்தும் தளக் கருவியை ஹோலின் நடுவில், ஆளுயரத்துக்கு மேல், இரும்புக் கிறில்லுக்கும் தகரத்துக்கும் விலக்கி வைப்பது நல்லது. கையில் பிடித்துப் பேசும் கைபேசியைத் தனியாக வாங்கியதென்றால் அதைத் தளத்தில் பதிய வேண்டும்: தளத்தில் உள்ள பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, கைபேசியின் மெனுவில் பதிவைத் தேர்ந்து, கேட்டால் 0000 என்ற இரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டும். அநேகமான தளங்களில் அதுதான் எண். ஒரே தளத்தில் இரண்டு மூன்று கைபேசிகள் சேரும்; ஒன்று ஹோலுக்கு, ஒன்று கிணற்றடிக்கு.

கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மச்சான் வாங்கி அனுப்பினால் மட்டும் பொறுங்கள். யூனிடென் போன்றவை அந்தச் சந்தைக்கு விற்ற தண்ணீர் புகாத கைபேசிகள் 1920-1930 மெகாஹேர்ட்ஸில் ஓடுபவை. இங்கே அந்த இடம் மொபைல் போன்களுக்கு உரியது. ஐரோப்பியத் தளத்தோடும் அவை சேராது. அவர்களின் 120 வோல்ட் அடப்டரை எங்கள் 230இல் செருகினால் புகைதான் மிச்சம். வளைகுடாச் சாமானில் இந்தத் தலைவலி குறைவு; சதுர முள் பிளக்கும் இங்கே பொருந்தும்.

தண்ணீரை இப்படி வென்றாயிற்று. ஆனால் வென்ற இடத்தில் ஒன்றைக் கைவிட்டுவிட்டோம். கம்பியில்லாப் போனின் தளம் கரண்ட் இல்லாமல் வேலை செய்யாது. பைபர் லைன் வந்த வீடுகளில் ரவுட்டரும் சேர்ந்து அணையும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த அந்த 48 வோல்ட் கண்ணாடி இழையில் வராது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோதுதான் பலருக்கு இது உறைத்தது. ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ்ஸைத் தேடிக் கடைகளில் கூட்டம் கூடியது அப்போதுதான். புதுப் போன் வாங்குகிறவர் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பது என் கட்சி. தளத்துக்கும் ரவுட்டருக்கும் வேண்டிய வோல்ட் என்னவென்று அடப்டரிலேயே எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது யூபிஎஸ் இருந்தவர்களும் தப்பவில்லை என்பது வேறு கதை. பல மாவட்டங்களில் இழையும் அறுந்தது, டவரும் அணைந்தது.

முகம் பார்த்துப் பேசுவதற்கு ஐமோ செயலி இருக்கிறது. எங்களூரில் அதற்குத்தான் மவுசு. வெள்ளிக்கிழமை இரவுகளில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் திரைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். அப்படியிருந்தும் 026 என்று தொடங்கும் வீட்டு லைன் பிழைத்திருக்கிறது. டேட்டா தேவையில்லை, திரை தேவையில்லை, வங்கியும் கிளினிக்கும் அதற்குத்தான் எடுக்கின்றன, உம்மாவுக்கு அதன் சத்தம் பழக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தக் கைபேசி கிணற்றுக்கட்டில், ஒழு எடுக்கும் கேத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன கிழமை அது அடித்தது. ஜித்தாவிலிருந்து மகன். முந்தானையை இழுத்துக்கொண்டு ஒழுங்கை நெடுகக் கொமினிகேஷனுக்கு ஓடிய அதே உம்மா, மீன் செதிள் ஒட்டிய விரலால் பொத்தானை அழுத்தி, “மகன், மீன் ஆயுறன், பொறகு எடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த சூடையைக் கையில் எடுத்தார்.