முந்தி வரும் பிசகு

ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறதே, அதை வீட்டிலேயே சோதிக்க முடியுமா என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். முடியும். ஜான் மல்காஹி உருவாக்கிய ‘ரூம் ஈக்யூ விஸர்ட்’ மென்பொருள் இலவசம். அளவு சரிபார்த்த மைக் ஒன்றுக்குத்தான் செலவு. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த அட்டை வாசகத்துக்குப் பொருளே இல்லை.

அடிமட்டத்திலிருந்து உச்சிவரை வழுக்கிக்கொண்டே ஏறும் ஒற்றை ஒலியை மென்பொருள் ஸ்பீக்கருக்கு அனுப்பும். அனுப்பியதையும் மைக் கேட்டதையும் ஒப்பிட்டு வரைபடம் போடும். என்னைச் சொக்கவைத்த சங்கதி அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்து ஆஞ்செலோ ஃபரீனா 2000-இல் விளக்கிய முறை அது. எந்த ஸ்தாயியானாலும், அதாவது அதிர்வெண் எங்கே இரட்டித்தாலும், கடக்க ஒரே நேரம்தான். ஸ்தாயிக்கு ஒரு விநாடி என்று வையுங்கள். ஸ்பீக்கர் பிசகி, 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கும்போதே 200-ஐயும் சேர்த்துக் கிளப்புகிறது. முறைப்படி 200 வரவேண்டியது ஒரு விநாடி கழித்து. 1,000-இல் 2,000 கிளம்பினாலும் அதே ஒரு விநாடி முந்தல். ஆகவே கணக்கு முடிந்ததும் இரட்டிப்புப் பிசகுகள் அத்தனையும் அசல் ஒலிக்கு ஒரு விநாடி முன்னால் குவிந்து நிற்கும்; மும்மடங்குப் பிசகுகள் சுமார் 1.58 விநாடி முன்னால். எங்கள் பள்ளிப் பிரார்த்தனையில் அடுத்த அடிக்கு முந்திப் பாய்ந்துவிடும் பையனின் குரல் தனியே கேட்குமே, அதே மாதிரி. ஒரே ஓட்டத்தில் ஸ்பீக்கரின் குணம் வேறு, குற்றம் வேறாகப் பிரிந்துவிடுகிறது!

அறையைப் பிரிப்பது அத்தனை சுலபமில்லை. ஸ்பீக்கரும் மைக்கும் 1.2 மீட்டர் உயரத்தில், 1 மீட்டர் இடைவெளியில் இருந்தால், தரையில் பட்டு வரும் ஒலி 2.6 மீட்டர் சுற்றி, நேரொலிக்கு ஏறக்குறைய 4.7 மில்லிவிநாடி பிந்தி வரும். அதற்குள் வந்ததை மட்டும் வெட்டியெடுத்தால் அறை விலகிவிடும். ஆனால் அந்தச் சிறு துண்டில் ஒரு முழு அலைவுகூட அடங்காததால், சுமார் 210 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரைபடத்தை நம்ப முடியாது.

அடியொலியில் பள்ளம் தெரிந்ததும் பலர் ஈக்வலைசரைக் கூட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நேரொலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழித்த பள்ளமென்றால், கூட்டும்போது இரண்டும் சேர்ந்தே வளரும். பள்ளம் நிரம்பாது, ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றிரண்டு சாண் நகர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள்.