பூஞ்சை மாத்திரை யாரோடு மோதுகிறது?

படர்தாமரைக்கும் நகச்சொத்தைக்கும் எழுதித் தரப்படும் ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் இரண்டும் குறிவைப்பது பூஞ்சையின் ஒரே ஒரு நொதியை. பூஞ்சையின் செல் சவ்வு குலையாமல் நிற்க எர்கோஸ்டெரால் வேண்டும். மனித செல்லில் அந்த வேலையைக் கொலஸ்ட்ரால் பார்க்கிறது. ஆகவே எர்கோஸ்டெரால் தயாராவதைத் தடுத்துவிட்டால் பூஞ்சை முடங்கும், மனிதருக்குச் சேதமில்லை என்பது கணக்கு.

கணக்கு இடறும் இடம் ஒன்று உண்டு. தடுக்கப்படும் நொதி, சைட்டோகுரோம் பி450 என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதக் கல்லீரலில் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளும் அதே குடும்பம்தான். பூஞ்சை மேல் எய்த அம்பு பங்காளி வீட்டிலும் பாய்கிறது.

கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை தினமும் போடுபவர் ஃப்ளூகோனசோலையும் சேர்த்துப் போடுகிறார் என்று கொள்வோம். கிளிமிபிரைடைச் சிதைக்கும் நொதி மந்தமாகிறது. நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று மிகையாகிறது. கை நடுக்கம், வியர்வை, மயக்கம் எல்லாம் தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். படர்தாமரை மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின் போடுபவருக்கு இதே வழியில் ரத்தக்கசிவு வரலாம். இட்ராகோனசோலோடு கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாடின் சேர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். மாத்திரையை நிறுத்திய அன்றே இதெல்லாம் அடங்கிவிடாது: ஃப்ளூகோனசோல் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் அல்ல. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை, கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோடு சேர்ந்தபோது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கியது. 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே அது வெளியேறியது. கீட்டோகோனசோல் மாத்திரையும் தப்பவில்லை. கல்லீரல் சேதம் காரணமாக 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது; அமெரிக்கா கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

மருந்தோடு வரும் தகவல் தாளில் ஒரு பக்கவிளைவு 'அரிது' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐரோப்பிய வழக்கில் அதன் பொருள், ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் மருந்துச் சோதனைகளில் பல நோய், பல மாத்திரை உள்ள முதியவர்கள் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. மோதல் நடப்பதோ அவர்கள் உடலில்.

இனி, வழக்கமாக எழும் சில கேள்விகள். அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோலோடு இட்ராகோனசோல் போடலாமா? அதன் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகள் கரைய இரைப்பை அமிலம் தேவை. அமிலத்தைக் குறைத்தால் மருந்து சரியாக ஏறாது.

இதயம் பலவீனமானவர்கள்? நகச்சொத்தைக்காக இட்ராகோனசோல் கூடவே கூடாது.

கர்ப்பிணிகள்? மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

டெர்பினாஃபின் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரையால் நாக்கு ருசி போய்விட்டால்? மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்திய பின் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பும்.

கல்லீரல் பாதிப்பு எப்படித் தெரியும்? சிறுநீர் அடர்நிறமாகும், கண் மஞ்சளிக்கும், பசி போகும். உடனே மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பூஞ்சை மாத்திரை வாங்கப் போகும் நாளில், சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று வீட்டிலிருக்கும் அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசையில் கொட்டிக் காட்டுங்கள்.