கருவுக்குள்ளே கணக்குத் தப்பினால்...

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்துவிட்டால் பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி என்ன தெரியுமா? "கிரகணத்தன்று வெளியே போனாயா? மசக்கையில் எதைத் தின்றாய்?" பிள்ளை பெற்ற அசதியில் படுத்திருப்பவளைப் பார்த்துத்தான் எல்லோர் விரலும் நீளும். உள்ளே நடந்தது என்ன என்று தெரிந்தால் இந்தப் பேச்சு வாயில் வராது.

நம் உடம்பில் அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உண்டு. தாய் கொடுத்தது 23, தகப்பன் கொடுத்தது 23. நிறம், உயரம், சாயல் எல்லாம் அவற்றில்தான் எழுதியிருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் 46-க்கும் பிரதி எடுத்துக்கொள்கிறது. பிறகு பாகப்பிரிவினை! ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சுமை தூக்குவது யார்?

பிரியப்போகும் செல்லின் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய குழல்கள் நீளும். இவைதான் தண்டவாளம். இதன் மேல் நடந்து சுமை இழுப்பவை 'மோட்டார் புரதங்கள்'. முக்கியமானவை இரண்டு ஜாதி. 1965-ல் அயன் கிப்பன்ஸ் பெயர் சூட்டிய டைனின் ஒன்று; 1985-ல் கணவாய் மீனின் நரம்பில் கண்டுபிடித்த கைனசின் மற்றொன்று.

கைனசினுக்கு இரண்டு 'கால்கள்'. ஒன்றை ஊன்றி மற்றதை எடுத்து வைத்து, நம்மைப் போலவே நடக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் எட்டுப் பங்கு! ஒவ்வோர் அடிக்கும் ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் ஒன்று செலவாகிறது. நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் கடைசியில் இந்த நடைக்கும்தான் போய்ச் சேருகிறது.

டைனின் குரோமோசோமை முனைப் பக்கம் இழுக்கும். கைனசின் வகை ஒன்று அதை நடுவுக்குக் கொண்டு வரும். எல்லாம் நடுவில் வரிசையாக நின்று, இரண்டு பக்கமும் பிடி மாட்டியாக வேண்டும். ஒன்று பாக்கி இருந்தாலும் செல் பொறுத்திருக்கும். வடம் பிடித்தாயிற்று என்று தெரிந்த பிறகுதானே தேர் நகரும்! அப்புறம் தண்டவாளமே நுனியில் கரைந்து குறுக, பிரதிகள் எதிரெதிர்ப் பக்கம் போய்விடும்.

முட்டையில் என்ன சிக்கல்?

பெண் சிசு தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் பிரிய ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடுகின்றன. மீதி வேலை, அவள் பெரியவளாகி அந்த முட்டை வெளிப்படும் சமயம்தான். இருபது, முப்பது, நாற்பது வருஷக் காத்திருப்பு! குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரத வளையங்கள் அதற்குள் தளர்ந்துபோகின்றன. போதாக்குறைக்கு, மற்றப் பல செல்களில் உள்ள ஒரு மோட்டார் புரதம் மனித முட்டையில் மிகமிகக் குறைவு என்று 2022-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர விஞ்ஞானிகள் கண்டார்கள். அதனால் அங்கே தண்டவாளமே சற்று ஆட்டம் காண்கிறதாம்.

இப்படி 21-ம் எண் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்து, மொத்தம் 47 ஆவதுதான் பெரும்பாலான டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம். இந்தக் கூடுதலை 1959-ல் பாரிஸில் கண்டறிந்தார்கள். தாய்க்கு 25 வயதானால் சுமார் 1250 பிரசவத்தில் ஒன்று, 35-ல் சுமார் 350-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று என்று வாய்ப்பு ஏறுகிறது. சில சமயம் தகப்பனின் விந்தணுவிலும் இந்தப் பிசகு நேர்வதுண்டு. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்கு இப்படிக் கணக்குத் தப்பியதே காரணம். கிரகணமும் பப்பாளியும் இதில் எங்கே வந்தன, சொல்லுங்கள்!

வாசலில் பூக்கும் மருந்து

நித்திய கல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், இந்தத் தண்டவாளத்தை அமைக்க விடாமல் தடுக்கிறது. பிரிய முடியாத புற்றுநோய் செல் மடிகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து இது. அதற்காக, சர்க்கரை வியாதிக்கு என்று அந்தப் பூவையும் இலையையும் பறித்துத் தின்னாதீர்கள், விஷம்! செங்காந்தள் கிழங்கும் அப்படியே. அதிலுள்ள கோல்சிசின் உயிருக்கே ஆபத்து.

நாம் செய்யக்கூடியது

* எந்த வயதில் கர்ப்பமானாலும், 11 முதல் 13 வாரத்துக்குள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 35-ஐத் தாண்டியவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.
* அவை சொல்வது வாய்ப்பை மட்டுமே. பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்றவைதான் உறுதி செய்யும்.
* இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கலாம். பிறந்ததுமே இதயம், தைராய்டு, கண், காது எல்லாம் பார்த்துவிட வேண்டும்.
* நடக்க, பேசச் சொல்லித்தரும் பயிற்சியைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே தொடங்குங்கள். நல்ல பலன் தெரியும்.

பெற்றவளைக் குடைந்து கேட்கும் நேரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகலாம். கூட மாமியாரும் கணவரும் போனால் இன்னும் நல்லது!