‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி நிரலை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு இணைக்கும் பகுதி வருகிறது. சர்வரின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர் ஆகிய நான்கையும் கொடுத்தால் இணைப்பு கிடைத்துவிடும். ஆய்வகத்தில் செய்து காட்டும்போது சர்வர் பெயருக்கு ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதுகிறோம். அட்டவணை திரையில் வந்ததும் பாடம் முடிந்தது. திருப்புட்குழிப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் இதை நடத்தும் என்னிடம் ஆண்டுக்கு ஒரு மாணவராவது கேட்டுவிடுவார்: “சார், இதையே இன்டர்நெட்டுல போட்டா அந்த இடத்துல என்ன எழுதணும்?”

தரவுத்தளம் இருக்கிற கணினியின் முகவரியை எழுத வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கணினிக்கு இரண்டு வகை முகவரிகள் இருக்கக்கூடும். ஊருக்கெல்லாம் தெரிந்த முகவரி ஒன்று. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் பொருள்படும் முகவரி இன்னொன்று. இவற்றில் எதை எழுதுகிறோம் என்பது தேர்வுக்கு உரிய கேள்வி மட்டுமல்ல. இன்று நம்மில் பலர் சொந்த முயற்சியில் வருகைப்பதிவுக்கும் நூலகத்துக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் சிறு வலைச் செயலிகள் செய்கிறோம், அல்லது பழைய மாணவர் ஒருவரைச் செய்துதரச் சொல்கிறோம். அவற்றுக்குள் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, சாதி, ஆதார் எண், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு, அம்மாவின் கைபேசி எண் எல்லாம் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

பாடநூலின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் திறக்கும் தீக்‌ஷா தளம் நமக்கெல்லாம் பழக்கமானது. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. அதன் கோப்புகள் சில மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் மேகத்தில் பூட்டப்படாமல் திறந்து கிடந்தன என்ற செய்தியை 2023 ஜனவரியில் ‘வயர்ட்’ இதழ் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி அவற்றில் இருந்தன. ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களைப் பற்றிய விவரமும் இருந்தது. அவை இருந்தது கோப்புகளை வைக்கும் மேகச் சேமிப்பில், தரவுத்தளத்தில் அல்ல. ஆனாலும் நாம் பேசப்போகும் கோளாறு இதுதான். யாரும் பூட்டை உடைக்கவில்லை. கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே கணினி’. அதன் எண் முகவரி 127.0.0.1. அந்த முகவரிக்கு அனுப்பும் எதுவும் கம்பியில் ஏறுவதே இல்லை. செயலியும் தரவுத்தளமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்வரை வெளியாருக்கு அங்கே வேலை இல்லை. ஆய்வகப் பயிற்சி தன்னை அறியாமலே பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மேகத்துக்குப் போனதும் நிலைமை மாறுகிறது. அங்கே செயலி ஓடும் இடம் ஒன்று, தரவுத்தளச் சேவை ஓடும் இடம் வேறொன்று. தரவுத்தளத்தை உருவாக்கும்போது பல சேவைகள் அதற்கு ஒரு பொது இணைய முகவரியைத் தந்துவிடும், அல்லது வேண்டுமா என்று கேட்கும். யார் யார் உள்ளே வரலாம் என்று ஒரு ஃபயர்வால் பட்டியலும் இருக்கும். நம் செயலியின் முகவரியை அதில் சேர்க்கலாம் என்று பார்த்தால், மலிவான தளங்களில் செயலிக்கு நிலையான முகவரி இருக்காது. இன்று ஒன்று, நாளை வேறு. சில தளங்களில் அதே முகவரியை முகம் தெரியாத ஆயிரம் பேரின் செயலிகள் பகிர்ந்துகொண்டிருக்கும். இரவு பதினொரு மணிக்கு இணைப்பு கிடைக்காமல் தவிப்பவர் கடைசியில் செய்வது, பட்டியலில் 0.0.0.0/0 என்று எழுதுவது. உலகில் உள்ள எல்லா முகவரிகளும் வரலாம் என்று அதற்குப் பொருள். இணைப்பு உடனே கிடைத்துவிடும். காணொளிப் பாடங்களிலும் இப்படித்தான் காட்டுகிறார்கள்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, வேகமான இணைப்பு இருந்தால், அத்தனை முகவரிகளையும் 45 நிமிடங்களுக்குள் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடும். மைஎஸ்கியூஎல் வழக்கமாக 3306 என்ற போர்ட்டில் காத்திருக்கும், போஸ்ட்கிரெஸ் 5432-இல். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதுகூட ரகசியம் இல்லை. 2017 ஜனவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டு, உள்ளே இருந்தவை அழிக்கப்பட்டு, பிட்காயின் கேட்டு மிரட்டல் குறிப்பு வைக்கப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே இணையத்தைப் பார்த்து நின்றவை அவை. அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பில், நாமாக மாற்றாதவரை லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டுமே கேட்கும்படி அந்நிறுவனம் செய்தது.

வகுப்பில் இந்த இடத்தில் நான் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தை உதாரணம் காட்டுவேன். எங்கள் வகுப்புகளில் தறி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பாவும் ஊடையும் சரிகையும் வாங்க உறுப்பினர் சங்கத்தின் முன்வாசல் வழியாக வருகிறார். கவுண்டரில் பாஸ்புக்கைக் கொடுக்கிறார். எழுத்தர் எழுந்து உள்ளறைக்குப் போய், எடை போட்டு எடுத்து வருகிறார். அந்த உள்ளறைக்குத் தெருப்பக்கம் கதவு கிடையாது. வெள்ளியும் தங்கமும் கலந்த சரிகை இருக்கும் அறைக்கு யார் தெருவில் கதவு வைப்பார்கள்? முன்வாசல் என்பது நம் வலைச் செயலி. உள்ளறை தரவுத்தளம். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சிறிய கதவுதான் தனி வலையமைப்பு. (‘தனியார் நெட்வொர்க்’ என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். தனியார் நிறுவனத்தின் வலையமைப்பு என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள்.) 0.0.0.0/0 என்பது சரிகை அறைக்குத் தெருவில் கதவு வைத்து, பூட்டு நல்ல பூட்டு என்று ஆறுதல் அடைவது.

இனி உள்முகவரி. 1996-இல் இணையத்தின் தர ஆவணம் ஒன்று மூன்று முகவரித் தொகுதிகளைத் தனிப் பயன்பாட்டுக்கென ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை அனைத்தும் ஒரு தொகுதி; அவை மட்டும் 1.67 கோடிக்கு மேல். 172.16 முதல் 172.31 வரை ஒன்று. 192.168 என்று தொடங்குபவை இன்னொன்று. இந்த முகவரிகளைப் பொது இணையம் எங்கும் கொண்டுசேர்க்காது. ‘மாடி அறை’ என்று மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்ட கடிதம் போல. அந்த வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் அது எந்த அறை என்று தெரியும். அரசு அலுவலகங்களுக்கு இது புதிதல்ல. தலைமையிடத்தையும் மாவட்ட, வட்ட அலுவலகங்களையும் இணைக்க எல்காட் நடத்திவரும் டிஎன்ஸ்வான் என்ற மாநில வலையமைப்பு, பொது இணையத்திலிருந்து பிரிந்து நிற்கும் இப்படிப்பட்ட தனிப்பாதைதான். மேகத்தில் அத்தகைய ஒரு பாதையை மென்பொருளாலேயே வகுத்துக்கொள்ளும் வசதியை அமேசான் 2009-இல் தந்தது. இப்போது எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் இருக்கிறது.

செய்முறையில் மூன்று இடங்களில் தடுமாறுகிறார்கள். முதலாவது, வேலை இரண்டு பாதியாக இருப்பது. தரவுத்தளத்துக்குத் தனி வலையமைப்புக்குள் 10.0.2.4 போல ஓர் உள்முகவரி கொடுக்க வேண்டும். செயலியையும் அதே வலையமைப்புக்குள் இணைக்க வேண்டும். முதல் பாதியை முடித்துவிட்டு, செயலியை வெளியிலேயே விட்டுவிட்டு, ஏன் இணைப்பு வரவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். உள்ளறைக்கு உள்கதவு வைத்தாயிற்று. எழுத்தரோ இன்னும் தெருவில் நிற்கிறார்.

இரண்டாவது, பெயர். நாம் நிரலில் எண்ணை எழுதுவதில்லை. மேக நிறுவனம் தரும் நீளமான சர்வர் பெயரை எழுதுகிறோம். அந்தப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அஸ்யூர் போன்ற சேவைகளில் அதே பெயருக்கு வெளியே இருந்து கேட்டால் பொது முகவரியும், தனி வலையமைப்புக்குள் இருந்து கேட்டால் உள்முகவரியும் கிடைக்க வேண்டும். இதற்கென வலையமைப்புக்குள் தனி டிஎன்எஸ் பட்டியல் ஒன்றை இணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் உள்கதவு தயாராக இருந்தும் செயலி பொது முகவரியைத் தேடித் தெருவுக்கே போகும். பாதை, அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: செயலி ஓடும் இடத்தில் இருந்தே அந்தப் பெயருக்கு என்ன எண் வருகிறது? பத்தில் தொடங்குகிறதா, வேறா?

மூன்றாவதுதான் ஆபத்தானது. உள்கதவு வைத்ததால் தெருக்கதவு தானாக அடைபடாது. பொது அணுகலை நிறுத்தும் பொத்தான் தனியாக இருக்கிறது. செயலி வேலை செய்யத் தொடங்கிய மகிழ்ச்சியில் பலர் அதைத் தொடுவதில்லை. வெளியே இருந்து, அதாவது வீட்டுக் கணினியிலிருந்து, நேரடியாகத் தரவுத்தளத்தைத் தொட முயன்று தோற்றால்தான் வேலை முடிந்தது.

பிழைச் செய்திகளைப் படிக்கப் பழக்குவதும் இந்தப் பாடத்தின் பகுதி என்பேன். ‘நேரம் கடந்துவிட்டது’ என்று வந்தால் பெரும்பாலும் பாதையோ ஃபயர்வாலோ தடுக்கிறது. தட்டிய சத்தம் உள்ளே கேட்கவில்லை. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றால் அந்தக் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்று பயனர் பெயரோடு வந்தால் பாதையில் குறையே இல்லை. தரவுத்தளம் வரை போய்ச் சேர்ந்து, கடவுச்சொல்லோ உரிமையோ பொருந்தாமல் திரும்பியிருக்கிறோம். இந்த வேறுபாடு தெரியாத மாணவர் மூன்றாவது பிழைக்கும் ஃபயர்வாலைத்தான் திறந்துவிடுவார்.

இதை ஹைடெக் ஆய்வகத்திலேயே செலவில்லாமல் செய்து காட்டலாம். ஒரு கணினியில் தரவுத்தளம், இன்னொன்றில் பிஎச்பி பக்கம். இரண்டாவது கணினியில் லோக்கல்ஹோஸ்ட் என்ற இடத்தில் முதல் கணினியின் 192.168 முகவரியை எழுதச் சொல்லுங்கள். உடனே வேலை செய்யாது, செய்யவும் வேண்டாம். தரவுத்தளம் 127.0.0.1-இல் மட்டும் கேட்கிறதா, ஃபயர்வால் 3306-ஐத் தடுக்கிறதா, மைஎஸ்கியூஎல் பயனருக்கு அந்தக் கணினியிலிருந்து வர உரிமை உண்டா என்று ஒவ்வொன்றாக மாணவர்களே தேடட்டும். மைஎஸ்கியூஎல் பயனர் என்பவர் ‘யார்’ மட்டுமல்ல, ‘எங்கிருந்து’ என்பதும் சேர்ந்தவர் என்பது அப்போது நன்றாகப் பதியும். ஃபயர்வாலில் அந்த ஒரு கணினிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பிறகு மூன்றாவது கணினியில் பிஎச்பி பக்கத்தைத் திறந்தால் மதிப்பெண் பட்டியல் வரும். அதே கணினியிலிருந்து தரவுத்தளத்தைத் தொட்டால் வராது. கைபேசியின் சொந்த டேட்டாவில் முயன்றால் பக்கமே வராது. ஒரு பாடவேளை போதாது, இரண்டு வேண்டும்.

தனி வலையமைப்பு எதைக் காக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்வாசலில் போலி பாஸ்புக்கைக் காட்டி எழுத்தரை ஏமாற்றினால், அவரே உள்ளே போய்ச் சரிகையை எடுத்துவந்து கொடுத்துவிடுவார். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்கியூஎல் வரியில் ஒட்டும் செயலிக்கு நேர்வது அதுதான். கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றினாலும் ஆபத்துத்தான். உள்பாதையிலும் டிஎல்எஸ் குறியாக்கம் இருக்கட்டும்.

செலவையும் மறைக்க முடியாது. இலவசத் திட்டங்களில் தனி வலையமைப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. உள்முகவரி வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம் வாங்கும் சேவைகளும் உண்டு. ஒரு பள்ளியின் சின்னச் செயலிக்கு அது கட்டுப்படியாகாது என்றால், ஒரே மேகக் கணினியில் செயலியையும் தரவுத்தளத்தையும் வைத்து, தரவுத்தளத்தை 127.0.0.1-இல் மட்டும் கேட்க வைப்பது நேர்மையான வழி. லோக்கல்ஹோஸ்ட் என்றே எழுதலாம். அதற்கும் வழியில்லை என்றால் கற்பனைப் பெயர்களும் கற்பனை மதிப்பெண்களும் போதும். செயல்திட்டத்துக்கு உண்மை ஆதார் எண் எதற்கு? 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

பொதுக்கதவை மூடிய பின் ஆசிரியரே தரவுத்தளத்தைப் பார்க்க என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. விபிஎன் வழியாக வலையமைப்புக்குள் நுழையலாம். அல்லது உள்ளே நிற்கும் ஒரு சிறு கணினியில் எஸ்எஸ்எச் மூலம் ஏறி அங்கிருந்து பார்க்கலாம். ஒரு மணி நேர வேலைக்காகப் பொது அணுகலைத் திறந்துவிட்டு, சாயங்காலம் மூடிக்கொள்ளலாம் என்று மட்டும் வேண்டாம். ஸீமேப்புக்கு 45 நிமிடம் போதும்.