மாடியில் மழை, கணிப்பொறியில் மௌனம்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிவடைந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழை ஒரே நாளில் கொட்டித் தீர்ந்தது. அந்த மொத்தத் தொகையை நாமெல்லாரும் அறிந்து கொண்டோம். ஆனால், மழை எந்த மணிக்கு வலுத்தது, எப்போது சற்று ஓய்ந்தது, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று தம் தெருவைக் குறித்துச் சொல்ல வல்லவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

இன்று அதைச் சொல்வதற்கான கருவி சாதாரண இல்லங்களின் மொட்டை மாடிகளுக்கும் வந்துவிட்டது. காற்றின் விரைவு, மழையளவு, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து வீட்டினுள் இருக்கும் சிறு பெட்டிக்கு அனுப்பும் வீட்டு வானிலை நிலையம் அது. அந்தப் பெட்டி, கிடைத்தவற்றைக் கணிப்பொறிக்குக் கொடுக்கிறது. கணிப்பொறி நாள்தோறும் வரைபடம் தீட்டி வைக்கிறது. இத்தனையும் நல்ல வெயில் நாளில் ஒழுங்காக நடைபெறும். மழை கொட்டும் இரவில் மின்சாரம் போகும், வரும், மீண்டும் போகும். விடிந்து பார்த்தால் மாடியில் கருவி சுழன்று கொண்டிருக்க, கணிப்பொறித் திரையில் நேற்றிரவோடு கோடு அறுந்து நிற்கும். எந்த இரவுக்காகக் கருவியை வாங்கினீர்களோ, அந்த இரவின் பதிவு மட்டும் இராது.

இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்று உண்டு. பெட்டியின் பின்புறத்திலுள்ள மறுதொடக்கப் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவர். அன்புகூர்ந்து அதை முதலில் செய்யாதீர்கள். பல கருவிகளில் அது வைஃபை கடவுச்சொல்லோடு, நீங்கள் பொறுமையாகச் செய்து வைத்த அளவுத் திருத்தங்களையும் துடைத்துவிடும். பழுது எங்கே என்பதும் தெரியாமலே போகும்.

மாடியிலிருந்து கணிப்பொறி வரையிலான வழியை நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலியாகக் கொள்ளுங்கள். மாடிக் கருவியிலிருந்து பெட்டிக்கு வானொலி அலை. பெட்டியிலிருந்து ரூட்டருக்கு வைஃபை. ரூட்டரிலிருந்து கணிப்பொறிக்கு வலையமைப்பு. கணிப்பொறிக்குள்ளே தகவலைப் பெறும் மென்பொருள். அறுந்தது எந்தக் கண்ணி என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதற் கண்ணியைச் சோதிப்பது எளிது. பெட்டியின் திரையிலோ அதற்குரிய கைபேசிச் செயலியிலோ இப்போதைய வெப்பமும் காற்றும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் கணிப்பொறியை விட்டுவிடுங்கள். குறை மாடியில் இருக்கிறது. மின்கலம் தீர்ந்திருக்கலாம், அல்லது பெட்டியை இடம் மாற்றி, இரண்டு கான்கிரீட் தளங்களுக்குக் கீழே வைத்திருக்கலாம். இந்த அலை வைஃபை அன்று. கருவியின் வகைக்கேற்ப 433, 868 அல்லது 915 மெகாஹெர்ட்ஸில் செல்வது. ஆகவே ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இதற்கு ஒரு பயனும் இல்லை.

இரண்டாம் கண்ணியில் அடிக்கடி காணும் சிக்கல் அலைவரிசையைப் பற்றியது. இத்தகைய பெட்டிகளுள் மிகப் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். இன்றைய ரூட்டர்களோ 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகின்றன. முதன்முறை இணைக்கும்போது கைபேசி 5-இல் நிற்க, பெட்டி 2.4-ஐத் தேட, இரண்டும் ஒன்றையொன்று காணாமல் தவிக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இணையச் சேவை நிறுவனத்தை மாற்றியவர்கள் புதிய ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கருவியையும் தொட வேண்டியதில்லை.

மின்தடைக்குப் பிறகு ஏற்படும் மௌனத்திற்கோ பெரும்பாலும் மூன்றாம் கண்ணியே காரணம். இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு முகவரி எண் வழங்குகிறது. 192.168.1.35 என்பதைப் போன்ற எண் அது. இதை அது நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட காலத்திற்குக் குத்தகையாகக் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்ததும் கைபேசிகளும் தொலைக்காட்சியும் வானிலைப் பெட்டியும் ஒரே நேரத்தில் விழித்தெழுந்து முகவரி கேட்கின்றன. தான் யாருக்கு எதைக் கொடுத்திருந்தோம் என்பதை மறந்துவிட்ட ரூட்டர், நேற்றுவரை வானிலைப் பெட்டிக்குரியதாக இருந்த 35-ஐ இன்று உங்கள் மகளின் கைபேசிக்குக் கொடுத்துவிடக் கூடும். கணிப்பொறியிலுள்ள மென்பொருளோ 35-ஆம் எண் கதவையே தட்டிக் கொண்டிருக்கும். குடியிருந்தவர் வீடு மாறிப் போய்விட்டார். தபால்காரருக்குச் செய்தி எட்டவில்லை. கருவி பழுதில்லை, வைஃபை பழுதில்லை, மென்பொருளும் பழுதில்லை. ஆயினும் பதிவு நின்றுவிட்டது.

இதை உறுதி செய்ய, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். வானிலைப் பெட்டிக்கு இப்போதுள்ள எண் என்ன என்பதைக் குறித்துக் கொண்டு, மென்பொருளில் எழுதப்பட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் திருத்துங்கள். திருத்தியதோடு நின்றுவிட்டால் அடுத்த மின்தடையில் மீண்டும் இதே கதைதான். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட, ‘மேக்’ முகவரி எனப்படும் அடையாளம் ஒன்று உண்டு. அந்த அடையாளத்திற்கு இந்த எண்ணே என்றும் உரியது என ரூட்டரிலேயே ஒதுக்கி வைக்கும் வசதி பெரும்பாலான ரூட்டர்களில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை இது. ஆனால் ஒரு பருவமழை முழுவதையும் காப்பாற்றித் தரும்.

எண் சரியாக இருந்தும் தொடர்பு கிடைக்கவில்லையா? விண்டோஸ் கணிப்பொறியில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, ‘பிங்’ என்ற கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டுப் பெட்டியின் எண்ணை அடியுங்கள். பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் கணிப்பொறியின் சொந்த எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், கணிப்பொறிக்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. வானிலைப் பெட்டியைக் குறை கூறுவதில் பொருளில்லை. கணிப்பொறி 192.168.0 என்றும் பெட்டி 192.168.1 என்றும் தொடங்கினால், இரண்டும் வெவ்வேறு வலையமைப்பில் குடியிருக்கின்றன. நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டி ஒன்று, மாடிக்கும் எட்டட்டும் என்று நாமே வாங்கி வைத்த ரூட்டர் இன்னொன்று என இருக்கும் வீடுகளில் இது மிகவும் சாதாரணம். இரண்டையும் ஒரே ரூட்டரின் கீழ்க் கொண்டு வாருங்கள். விருந்தினருக்கென ஒதுக்கிய வைஃபையில் பெட்டியை இணைத்திருந்தாலும் இதே நிலைதான். விருந்தினர் கருவிகள் வீட்டுக் கருவிகளோடு பேசலாகாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

நான்காம் கண்ணியில், யார் யாரை அழைக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வது தேவை. சில கருவிகளிடம் கணிப்பொறி சென்று கேட்டு வாங்குகிறது. சில கருவிகள் தாமே கணிப்பொறியின் முகவரிக்குக் கொண்டு வந்து கொடுக்கின்றன; இவ்வகையில் முகவரியை ஒதுக்கி வைக்க வேண்டியது கணிப்பொறிக்கு. இன்னும் சில, தெரு முழுவதும் கேட்க ஒலிபெருக்கியில் அறிவிப்பது போல வலையமைப்பில் எல்லாருக்கும் ஒருசேர அறிவிக்கின்றன; விருப்பமுள்ளவர் கேட்டுக்கொள்ளலாம். டெம்பஸ்ட் நிலையத்தின் பெட்டி 50222 என்னும் வாயிலில் இவ்வாறு அறிவிக்கிறது. பின்னிரு வகைகளிலும் ‘ஃபயர்வால்’ என்னும் காவற்சுவர் குறுக்கே நிற்கக் கூடும். புதிய வைஃபையில் இணையும்போது அதைப் பொது இடத்து வலையமைப்பாக விண்டோஸ் கருதிக்கொண்டால், வெளியிலிருந்து வருவதை உள்ளே விடுவதில்லை. பிங் பதில் தருகிறது, மென்பொருளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் ஐயப்பட வேண்டியது இந்தச் சுவரைத்தான். சுவரையே இடித்துவிடாமல், உங்கள் வீட்டு வலையமைப்பைத் தனியார் வலையமைப்பு என்று குறித்து, அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் வாயிலைத் திறந்துவிடுங்கள்.

கம்பி வழியே யூ.எஸ்.பி.யில் இணையும் கருவி உங்களுடையதென்றால் இவற்றுள் பல உங்களுக்கில்லை. கம்பியை வேறு துளையில் செருகியதால் ‘காம்’ எண் மாறிவிட்டதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி எல்லாருக்கும் பொதுவான ஒன்று: இரவில் கணிப்பொறி தானே உறங்கிவிடுமாறு அமைக்கப்பட்டிருந்தால், வலையமைப்பு எத்துணை ஒழுங்காக இருந்தும் பயனில்லை. பகலெல்லாம் பதிவாகி இரவு மட்டும் விடுபடுகிறது என்பார் பலருக்கு இதுவே காரணம்.

தொடர்பு அறுந்திருந்த நேரத்துப் பதிவுகள் என்னவாகும் என்பது கருவியைப் பொறுத்தது. டேவிஸ் வான்டேஜ் வகைக் கருவிகளில் பொருத்தப்படும் பதிவகம் 2,560 பதிவுகளைத் தாங்கும். ஐந்து நிமிடத்திற்கு ஒன்று என வைத்தால் ஏறத்தாழ 9 நாட்கள். தொடர்பு மீண்டதும் மென்பொருள் அவற்றை வரிசையாகப் பெற்றுக்கொள்ளும். ஈகோவிட் ஜி.டபிள்யூ. 1000 போன்ற சிறு பெட்டிகளுக்கு அத்தகைய நினைவகம் இல்லை. அறுந்த மணிகள் அறுந்தவையே. பெட்டி மட்டும் இயங்கிக் கொண்டிருந்தால் நாளின் மொத்த மழை அதில் கூடிக்கொண்டே வரும். ஆனால் மழை எந்த மணியில் வலுத்தது என்பது கிடைக்காது. வாங்கும்போது விலையை விசாரிப்பவர்கள் இதையும் விசாரிப்பது நல்லது. வாங்கிவிட்டவர்கள் ரூட்டருக்கும் பெட்டிக்கும் ஒரு சிறு யூ.பி.எஸ். வைத்துக்கொள்ளலாம். இரண்டும் உண்ணும் மின்சாரம் மிகக் குறைவு.

தொடர்பு திரும்பியபின் உங்கள் கணிப்பொறி காட்டும் நாளின் மழையும் வானிலைத் துறை அறிவிக்கும் மழையும் ஒவ்வாதிருந்தால் மீண்டும் ரூட்டரைத் தொட வேண்டாம். துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. உங்கள் மென்பொருள், நீங்கள் மாற்றியிராவிட்டால், நள்ளிரவில் நாளை முடித்துவிடும்.