பிச்சாவரம்: சேற்றுக்குள் உறங்கும் கரி

கருஞ்சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று மிகக் குறைவு. அதனால் வேரே மேலே வந்து மூச்சு வாங்குகிறது. உதிர்ந்த இலையையும் இந்தச் சேறு எளிதில் மக்க விடாது. மரம் காற்றிலிருந்து எடுத்த கரி, ஓதமும் ஆறும் கொண்டுவந்து படியவைக்கும் வண்டலுக்கடியில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடும். சேற்றைக் கிளறினால் அது மறுபடி காற்றில் கலக்கும். தயவுசெய்து படகைவிட்டு இறங்காதீர்கள்.

படகைத் தாங்கும் நீர் ஆறும் கடலும் கலந்தது. குடகு மலையில் பெய்த மழை காவிரியாக ஓடி, கொள்ளிடமாகப் பிரிந்து, இப்பகுதியில் கடலைத் தொடுகிறது. வங்கக் கடலில் ஆவியான நீர் ஐப்பசியில் மழையாக இதே இலைகள்மேல் விழும். வெண்கண்டல் இலை வெளியேற்றிய உப்புப் பொருக்கையும் கழுவிவிடும். மழையில்லாத நாளில் அந்த உப்பு வெயிலில் மினுங்கும்.