வாய்தா சட்டங்கள் – 9: 'சிஏ' என்ற இரண்டு எழுத்து

2004-ல் கனடா ஒரு விதி எழுதியது. நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு துப்பாக்கியின் ஃபிரேமிலோ ரிசீவரிலோ 'கனடா' அல்லது 'சிஏ' என்று பொறித்து, இறக்குமதியான ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையும் போட வேண்டும். சுங்கத்தைத் தாண்டியபின் கெடு 60 நாள். எழுத்தின் உயரம் 1.58 மில்லிமீட்டர், ஆழம் 0.076. நாம் எழுதும் தாளின் தடிமன்கூட இல்லாத ஆழம். ஐ.நா.வின் 2001 துப்பாக்கி நெறிமுறை கேட்டதும் இதைத்தான். 2006-ல் விதி அமலுக்கு வந்திருக்க வேண்டும்.

வரவிடவில்லை. எதிர்த்தவர்களின் வாதங்களில் சரக்கும் இருந்தது. ஆலையிலேயே பொறித்து அனுப்பலாமே என்று நமக்குத் தோன்றும். கனடா சின்னச் சந்தை. அதற்கென்று தனியாக மெனக்கெட வெளிநாட்டு ஆலைக்கு என்ன தலையெழுத்து? நவம்பரில் '05' என்று பொறித்த சரக்கு ஜனவரியில் வந்து இறங்கினால் அந்த எண்ணே தப்பு. ஆக, வேலை இறக்குமதியாளர் தலையில்தான் விடியும். பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பொறித்து, மறுபடி அடுக்க வேண்டும். பொறித்த இடத்தில் மேற்பூச்சு போய் எஃகு துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் அது வேறு தலைவலி. எல்லாச் செலவும் கடைசியில் வேட்டைக்காரர் வாங்கும் விலையில் வந்து ஏறும்.

சேகரிப்பாளர்களின் கோபம் இன்னும் கூர்மையானது. உலகப்போர்க் காலத்து ரைஃபிளில் எல்லாப் பாகத்திலும் ஒரே எண் இருந்தால்தான் மதிப்பு. அதன்மேல் புது முத்திரை விழுந்தால் விலை சரியும். அரிய துப்பாக்கிகளுக்குச் சலுகை கேட்க விதியே வழிவிட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'கடத்துகிறவன் முத்திரை குத்திக்கொண்டா வருவான்?' என்றும் கேட்டார்கள். கைதட்டல் வாங்கும் கேள்விதான், எனக்கு ஒட்டவில்லை. முத்திரை இல்லை என்பதே போலீசுக்கு ஒரு துப்பு. ஆனால் விதி அமலாகும் முன்பே நாட்டுக்குள் இருக்கும் துப்பாக்கிகளிலும் முத்திரை கிடையாதே! பழையவை குறைந்து புதியவை பெருகினால்தான் துப்பு துலங்கும். ஒவ்வொரு வாய்தாவும் அந்த நாளை இன்னும் தூரத்துக்குத் தள்ளியது.

ஸ்டீஃபன் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் அரசு தள்ளிக்கொண்டே போனது. 2012-ல் சாதாரண ரைஃபிள், ஷாட்கன்களின் பதிவேட்டையே ஒழித்தது. 2015 தேர்தலில் ஜஸ்டின் ட்ரூடோவின் லிபரல் கட்சி, இந்த விதியை உடனே அமலாக்குவோம் என்று வாக்குறுதி தந்தது. ஜெயித்தது. பிறகு 2017-ல் ஒரு வாய்தா. 2018-ல் இன்னொன்று, 2023 டிசம்பர் வரைக்கும்! திட்டியவரும் திட்டு வாங்கியவரும் ஒரே நாற்காலியில் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

பதிவேடு போனபின் எதிர்ப்பாளர்களுக்குப் புது வாதம் கிடைத்தது: முத்திரை இறக்குமதியாளர் வரைதான் வழிகாட்டும், கடையைத் தாண்டிப் பாதை இல்லை. அன்றைக்கு அது நியாயமே. 2022 மே மாதத்திலிருந்து கடைக்காரர்கள் விற்பனை விவரத்தை 20 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றாகிவிட்டதால் அந்த வாதம் பலமிழந்துவிட்டது. அந்தக் கடைப் பதிவேட்டுக்கு நாடாளுமன்றத்தில் நடந்த சண்டை அடுத்த வாரம்.